சூடு ஏறிய பிறகு

சரி, பைத்தியம் என்றே வைத்துக்கொள்வோம். பைத்தியத்தின் கையில் யாராவது வண்டிச் சாவியைக் கொடுப்பார்களா? இந்தத் தெருவில் அவரைப் பைத்தியம் என்று சொல்லாத வாயும் இல்லை, அவரிடம் வண்டியை விடாத வீடும் இல்லை. மாடி வீட்டம்மா எப்போது பார்த்தாலும் அவர் காலி சீட்டோடு பேசிக்கொண்டு போகிறார் என்பாள். அவர் பேசிக்கொண்டு போனது அவளுடைய வண்டியில்தான். பேசினாரோ பாடினாரோ, வண்டி சரியாகித்தானே திரும்பி வந்தது? குடித்துக் குடித்து மூளை கலங்கிவிட்டது என்கிறார்கள். அந்த மனிதர் டீயைத் தவிர வேறொன்றைத் தொண்டையில் இறக்கிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் முன்னால் வரட்டும். டயர் கடைக்காரர் இன்னும் ஒருபடி மேலே போய், தப்பு செய்தவன் முழிக்கிற மாதிரி முழிக்கிறான் என்றார். அவர் சொன்னதில் மட்டும் கொஞ்சம் பொருள் உண்டு. ஆனால் அவருக்கும் முழுக்கதை தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். அவள் அவருடைய பெண்டாட்டி, வாயைத் திறக்க மாட்டாள். அதனால் நடந்ததை நடந்தபடி கேளுங்கள், நடுவில் புகாமல் கேளுங்கள். பிறகு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது ரேஷன் அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு அவர் கிளட்ச்சுக்காரர். மேட்டுத் தெரு திரும்புகிற முனையில் தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே நுழைந்ததும் ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கிற குழி. குழிக்கு இந்தப் பக்கம் சுவர் முழுக்க ஸ்பேனர்கள், பெரியதிலிருந்து சின்னதாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி. அந்தப் பக்கம் வெளிச்சம் விழுகிற மூலையில் அவர் பெண்டாட்டியின் தையல் மெஷின். அவள் வண்டி சீட்டுக்கு உறை தைக்கிறவள். கனமான ரெக்ஸின் துணியைக்கூட வாழைத் தோல் மாதிரி மடக்கித் தைப்பாள். தெரு அவளைத் தையலக்கா என்றது. அவர் வண்டியின் வயிற்றைக் கிழித்தால் இவள் முதுகைத் தைப்பாள் என்று வந்தவர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஊரில் மெக்கானிக்குக் குறைவில்லை. ஆனால் வண்டி ரேஸ் ஆகிறது, பிக்கப் இல்லை என்றால் மற்ற ஷெட்டுக்காரர்களே இவரைக் கைகாட்டி அனுப்புவார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி மட்டும் எருமை மாதிரி நின்ற இடத்தில் நிற்கும். எஞ்சினில் பிறக்கிற சுற்று சக்கரம் வரைக்கும் போய்ச் சேரவில்லை என்று பொருள். நடுவில் நின்று கை மாற்றிக் கொடுக்கிற கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. அந்த நோய்க்கு அவர் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுப்பார். மேல் கியரில் போடுவார். கிளட்ச்சிலிருந்து காலை மெல்ல எடுப்பார். கிளட்ச் நல்லபடியாக இருந்தால் எஞ்சின் திணறி, ஒரு குலுக்குக் குலுக்கி, பொட்டென்று அணைந்துவிடும். கெட்டிருந்தால் அணையாது, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் பரிசோதனை. நாடி பிடிக்கிற நேரம்கூட ஆகாது.

நோய் கிளட்ச்சில் இல்லை என்றால் குற்றம் ஓட்டுகிறவர் காலில். கிளட்ச் மேல் காலைச் சும்மா வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கிளட்ச்சு என்ன உங்க வீட்டுத் தலையணையா, கால சாச்சு வெச்சுக்கறீங்க?" என்பார். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று பார்க்க மாட்டார். பாராட்டுகிற வாய் அவருக்கு இல்லை. பரிகாசம் பண்ணுகிற வாய் இருந்தது. அந்த வாய்தான் அவரைக் கவிழ்த்தது.

அவருக்கு ஒரே தங்கச்சி. அப்பா அம்மா இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. ஷெட்டில் ஒரு பழைய பஸ் சீட்டைப் போட்டு, அதில் உட்கார வைத்து வளர்த்தார். அவள் பாடம் படித்தது, சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் அந்தச் சீட்டில்தான். எட்டாம் வகுப்பில் என்ன வேலைக்குப் போவாய் என்று வாத்தியார் கேட்டதற்கு, எதுவானாலும் கிரீஸ் நாற்றம் இல்லாத வேலை என்றாளாம். அவளுக்குக் கடைசியில் வாய்த்தவரிடம் கிரீஸ் நாற்றம் இல்லை, இரும்பு நாற்றம் இருந்தது. பூட்டுக்காரர். ஒரு நாள் யாரோ சாவியை உள்ளே வைத்து வண்டியைப் பூட்டிவிட்டார்கள் என்று ஷெட்டுக்குத் திறக்க வந்தார். ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் கதவைத் திறந்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு நின்ற தங்கச்சியைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தத் தெருவில் அத்தனை வண்டிகள் எப்படித் தாமாகப் பூட்டிக்கொண்டன என்று யாருக்கும் தெரியவில்லை.

பூட்டுக்காரர் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். எதையும் ஒரு பிடி கூட்டித்தான் சொல்வார். தூறல் விழுந்தால் வெள்ளம் என்பார். கிளட்ச்சுக்காரருக்கு அவரை மிகவும் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்கு அடையாளம், அவர் எது சொன்னாலும் நம்ப மாட்டார். மாப்ளே, மச்சான் என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். பூட்டுக்காரர் பழைய கார் ஒன்று வாங்கி, டிக்கி நிறையப் பூட்டும் சாவிக் கொத்துமாக மலைப் பக்கத்து ஊர்க் கடைகளுக்கு எடுத்துப் போய் விற்றுக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்குத்தான் நோய் வந்தது.

ஒரு சாயங்காலம் வந்து நின்றார். "மச்சான், வண்டி கத்துது. காது கிழியக் கத்துது. ஆனா நகர மாட்டேங்குது."

"உங்கள மாதிரியே இருக்குனு சொல்லுங்க," என்றார் கிளட்ச்சுக்காரர் குழிக்குள்ளிருந்து.

"விளையாடாதீங்க மச்சான். மேட்டுல ஏறும்போது லாரிக்காரன் எல்லாம் என்னப் பாத்து சிரிச்சுக்கிட்டே போறான்."

"வண்டிய விட்டுட்டுப் போங்க மாப்ளே. காலைல மொத வேலையா உங்க வண்டியத்தான் பாப்பேன். மத்தவன் எல்லாம் வரிசையில நிக்கட்டும்."

அது அவருடைய வழக்கம். சொந்தக்காரர் வண்டி என்றால் முதல் நாள் மாலையே ஷெட்டுக்குள் வாங்கி நிறுத்திவிடுவார். ஷட்டரைத் திறந்ததும் கையில் அழுக்குப் படுமுன் அதைத்தான் தொடுவார். அவரால் செய்ய முடிந்த மரியாதை அது. அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

மறுநாள் காலை தையலக்கா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் டீ டம்ளரோடு நின்றார். கிளட்ச்சுக்காரர் வண்டியில் ஏறி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேல் கியரில் போட்டுக் காலை எடுத்தார். எஞ்சின் ஒரு குலுக்கில் அணைந்தது. இன்னொரு தரம் செய்தார். இன்னொரு தரமும் அணைந்தது. பிளேட் இரும்புப் பிடியாகப் பிடிக்கிறது.

"வண்டி கல்லு மாதிரி இருக்கு மாப்ளே. உங்க கால்தான் சரியில்ல."

"இல்ல மச்சான், எடுத்ததும் பண்ணல. கொஞ்ச தூரம் போனா..."

"கொஞ்ச தூரம் போனதும் கால் அசந்து போயி கிளட்ச்சு மேல படுத்துக்குது. அதத்தான் சொல்றேன். அடுத்த தடவ கால வீட்ல வெச்சிட்டு வண்டிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க."

டயர் கடைக்காரர் வெளியிலிருந்து கேட்டுச் சிரித்தார். பூட்டுக்காரர் தன் காலைத் தானே குனிந்து பார்த்து, "கேட்டியா? உன்னப் பத்தித்தான் பேசறாங்க," என்றார். தையலக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு, சன்னல் வழியாகக் காலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அப்படித்தான்.

மலைச் சாலையில் ஏற்றம். முன்னால் ஒரு லாரி. சாலை விரிந்த இடத்தில் லாரியைத் தாண்டலாம் என்று வெளியே எடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி நடையில் அந்த லாரி டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்று சொன்னான்: "என் பக்கத்துல வந்து கத்துச்சுங்க. அப்படி ஒரு கத்து. ஆனா முன்னாடி போகல. என் கூடவே இருந்துச்சு. அவர் முகத்தப் பாத்தேன். எதிர்ல பஸ்ஸு வந்துடுச்சு."

கேட்டவர்கள் எல்லாரும் அவரவர்க்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். பயத்தில் காலை மாற்றி கிளட்ச்சை மிதித்துவிட்டார் என்றார்கள். அப்போது டயர் கடைக்காரர் தலையை ஆட்டி, "மச்சான்காரரே அன்னிக்குச் சொன்னாரே, கால் சரியில்லனு," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துக்க வீட்டில் சும்மா நிற்க முடியாமல் எதையாவது சொல்வார்களே, அப்படிச் சொன்னார். அந்தச் சொல் ஆள் மாறி ஆள் மாறி வீட்டு வாசலுக்கு வந்து, உள் அறைக்குள் போய், தங்கச்சியின் காதில் விழுந்தது. கிளட்ச்சுக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. லாரி டிரைவர் 'கத்துச்சு, போகல' என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கைத் தையலக்கா பார்த்தாள்.

போலீஸ்காரர்கள் வண்டியை விட்ட பிறகு தங்கச்சி, "என் கண்ணுல காட்டாதண்ணே, நீயே வெச்சுக்கோ," என்றாள். ஓட்டுகிற பக்கம் முழுக்க நசுங்கிக் கிடந்த வண்டியை இழுத்து வந்து ஷெட்டுக்குப் பின்னால் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். டிக்கியில் சாவிக் கொத்துகள் இருந்தபடியே இருந்தன. காற்று அடித்துத் தார்ப்பாய் படபடத்தால் அவை கிணுகிணுக்கும். தையலக்கா தைப்பதை நிறுத்திக் கேட்பாள். யாரோ வீட்டுக்கு வந்து சாவி தேடுகிற மாதிரியே இருக்கும்.

அந்த வண்டியின் கியர் பாக்ஸை இறக்கிக் கிளட்ச் பிளேட்டைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பிளேட் எண்ணெய் படாமல் காய்ந்து சுத்தமாக இருந்தால் குற்றம் காலில், இல்லாவிட்டால் குற்றம் அவர் சொன்ன சொல்லில். கையால் பிரித்துக் கையாலேயே மூடுகிற வேலைதான் அது அவருக்கு. ஆனால் அவர் தார்ப்பாயின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. பின்பக்கம் கை கழுவப் போகிறவர் கழுவாமலே திரும்பி வந்தார்.

மாறாக, வருகிற வண்டிகளிடம் ஒரு புது வழக்கம் ஆரம்பித்தது. எந்த வண்டி வந்தாலும், பிரேக் சத்தம் என்று வந்தாலும், விளக்கு எரியவில்லை என்று வந்தாலும், முதலில் எடுத்துக்கொண்டு போய் ஊரைச் சுற்றுவார். எஞ்சின் கொதிக்கக் கொதிக்கத் திரும்பி வந்துதான் கையை வைப்பார். ஹாரன் மாற்ற வந்தவர், "ஹாரனுக்கு எதுக்குங்க ஊர்வலம்?" என்று கேட்டார். அவர் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாடி வீட்டம்மா பார்த்தது அப்படி ஒரு சுற்றில்தான். பக்கத்து சீட் காலி. இவர் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டு போகிறார். காலி சீட்டுக்கு பெல்ட்கூடப் போட்டுவிட்டிருந்தார்.

அது காதுக்கு வந்ததும் தையலக்கா கேட்டாள். "யார்கிட்டங்க பேசறீங்க?"

"மாப்ளகிட்ட."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பெண்டாட்டி இல்லையா, கேட்க வேண்டியதைக் கேட்டாள். "என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்றதில்ல. நான்தான் கேக்கறேன்."

"என்ன கேக்கறீங்க?"

"எவ்வளவு தூரம் போனதும் பண்ணுச்சுனு."

இதுதான் பைத்தியமா, சொல்லுங்கள். உயிரோடு நின்று சொல்ல வந்தவரைப் பேசவிடாமல் சிரித்த மனிதர், இப்போது செத்தவரிடம் நின்று நிதானமாகக் கேட்கிறார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

பகலில் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் அவருடைய வலது கால் மட்டும் தூங்காது. பாயின் விளிம்பை அழுத்தும், விடும், அழுத்தும். தையலக்கா அந்தக் காலின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். அதில் இருந்த பலத்தை அவளால் தடுக்க முடியவில்லை. எங்கேயோ ஒரு ஏற்றத்தில், எதிரே எதுவோ வந்துகொண்டிருக்கிற மாதிரி அந்தக் கால் மிதித்தது.

பிறகு அந்த மெஷின் விஷயம் நடந்த நாள். ரெக்ஸின் தடிப்பாக இருந்தது. தையலக்கா மிதியை அழுத்தினாள். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகிற பெல்ட் தளர்ந்திருந்தது போல. மோட்டார் ஊஊ என்று ஏறிக்கொண்டே போனது, ஊசி மட்டும் துணியில் குத்தி நின்றபடி அசையவில்லை. அவள் இன்னும் அழுத்தினாள். குழிக்குள்ளிருந்து அவர் ஏறி ஓடி வந்தார். ஒயரைப் பிடித்துச் சுவரிலிருந்தே பிடுங்கினார். சத்தம் நின்றது. சத்தம் நின்ற பிறகும் அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"பெல்ட்டுதாங்க. பெல்ட்டு தளந்துடுச்சு," என்றாள்.

"தெரியும்."

"சரி பண்ணிக் குடுங்க."

"என்னால அதத் தொட முடியாது."

ஊரிலுள்ள கிளட்ச்சை எல்லாம் தொட்டவர் ஒரு முழ பெல்ட்டைத் தொட முடியாது என்றார். அவளே வெட்டிச் சுருக்கி மாட்டிக்கொண்டாள். அன்று முதல் அவர் இருக்கும்போது மெஷினைக் கைச்சக்கரத்தால் சுற்றித்தான் ஓட்டினாள்.

"பிரிச்சுப் பாத்துடலாமா?" என்று ஒரு தரம் அவரே கேட்டார். அவள்தான், "வேண்டாங்க. பாத்து என்ன பண்ணப் போறீங்க, போன உயிர் வரப்போகுதா," என்றாள். அவள் சொன்னது அவருக்காக மட்டும் இல்லை. தங்கச்சிக்கு இருக்கிற ஒரே ஆள் இந்த அண்ணன். நாத்தனார் என்றாலும் அவள் தையலக்காவுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. சின்ன வயதில் பஸ் சீட்டில் தூங்கியவளுக்குப் போர்த்திவிட்ட கை இது. அந்தத் தார்ப்பாய்க்குள்ளிருந்து என்ன வெளியே வந்தாலும் இந்த வீடு இரண்டாகப் பிளந்துவிடும் என்று பயந்தாள். பயந்தவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்படியே மூடியே கிடந்திருக்கும், தங்கச்சி அந்தப் பையோடு வராமல் இருந்திருந்தால்.

காலை வெயில் ஏறுகிற நேரம். பெரிய துணிப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து தையலக்காவின் மெஷின் மேல் வைத்தாள்.

"அண்ணி, இது துடைக்க ஆகும்ல? ஷெட்டுக்குத் துணி வேணும்னு அண்ணன் எப்பவும் சொல்லுமே."

தையலக்கா பையைத் திறந்தாள். எல்லாம் பூட்டுக்காரருடைய சட்டைகள். துவைத்து, மடித்து, பொத்தான்கள் அத்தனையும் வெட்டி எடுத்தவை.

"இது எதுக்கும்மா? வீட்ல இருக்கட்டும்."

"எதுக்கு இருக்கணும்? பாத்துப் பாத்து அழறதுக்கா? எனக்கு அழுகையே வரல அண்ணி, கோவந்தான் வருது. ஓட்டத் தெரியாத மனுஷன் எதுக்கு லாரியத் தாண்டணும்? அண்ணன் அன்னிக்கே சொல்லுச்சு, கால் சரியில்லனு. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். கேட்டாரா? அதையும் ஜோக்கு ஆக்கிட்டுப் போனார். அவர் போட்டோவக் கழட்டி அலமாரிக்குள்ள வெச்சிட்டேன். பாத்தா சண்ட போடத் தோணுது."

கிளட்ச்சுக்காரர் குழிக்குள் நின்றிருந்தார். தலை மட்டும் தெரிந்தது. தங்கச்சி குனிந்து, "என்னண்ணே, நான் சொல்றது சரிதானே?" என்றாள்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தபடியே, "சாப்பிட்டியா?" என்றார்.

"அதெல்லாம் ஆச்சு," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். போகும்போது அவள் நடை, யாரையோ திட்டிக்கொண்டே போகிற நடை.

அந்தப் பையை அவர் திறக்கவில்லை. தையலக்கா அதை மெஷினுக்கு அடியில் வைத்துக் காலால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வார விடுமுறை வந்தது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிற உச்சி வெயில் நேரம். அவர் ஜாக்கியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். தார்ப்பாய் விழுகிற சத்தம் கேட்டது. அவளும் எழுந்து போனாள்.

"வேண்டாங்க."

"நீ வேணும்னா உள்ள போ. தெரிஞ்சாத்தான் மாப்ள வண்டிய விட்டு இறங்குவார்."

அவள் உள்ளே போகவில்லை. பழைய டயர் ஒன்றை உருட்டி வந்து வண்டிக்கு அடியில் போட்டாள், கியர் பாக்ஸ் இறங்கினால் அதில் உட்காரட்டும் என்று. ஜாக்கி ஏற ஏற டிக்கியில் சாவிகள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்தன. அவர் மல்லாந்து படுத்து அடியில் போனார். போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. ஒவ்வொன்றும் அழுதுதான் வந்தது. கழற்றியதை அவர் கையை வெளியே நீட்டி வைத்தார், அவள் வாங்கிக் கிண்ணத்தில் போட்டாள். நசுங்கிய சீட்டுப் பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே அங்கே யாரோ காத்திருப்பது மாதிரி இருந்தது. கோபமாகக் காத்திருப்பது மாதிரியும் இல்லை. வேலை முடியட்டும் என்று டம்ளரோடு நிற்பாரே, அப்படி.

கடைசி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டு அவர் சும்மா இருந்தார்.

"என்னங்க?"

"பிளேட்டு காஞ்சு இருந்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

அவளும் அதையேதான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். காய்ந்திருக்கட்டும், காய்ந்திருக்கட்டும். செத்தவர் தலையில் பழி விழட்டும் என்று வேண்டுகிறோம் என்பதுகூட அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

கியர் பாக்ஸ் பிரிந்து டயர் மேல் இறங்கியதும் முதலில் வாடை வந்தது. கருகின எண்ணெய். பிறகு அவர் பிளேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வட்டமாக, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. அதன் ஓரங்கள் தேயவே இல்லை, புதுசு மாதிரித் தடிப்பாக இருந்தன. ஆனால் முகம் முழுக்கக் கருப்பாகப் பளபளத்தது. அவர் விரலால் இழுத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சின் பக்கம் கைவிட்டுத் தடவினார். எண்ணெயை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டிய ரப்பர் வளையம் ஒரு இடத்தில் உதடு கிழிந்திருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்குச் சொல்வது மாதிரியும் இருந்தது, பக்கத்தில் இருக்கிற இன்னொருவருக்குச் சொல்வது மாதிரியும் இருந்தது.

"சூடு ஏறினாத்தான் இது கசியும். எண்ணெய் இளகி, சொட்டுச் சொட்டா பிளேட்டு மேல விழும். கொஞ்ச தூரம் போனதும் வழுக்க ஆரம்பிக்கும். வண்டிய நிறுத்தி ஆற விட்டா எண்ணெய் பிசுபிசுன்னு ஆயிடும், பிளேட்டு மறுபடி பிடிக்கும். காலைல பாத்தா கல்லு மாதிரி இருக்கும். எடுத்ததும் பண்ணலனு அவர் சொன்னார். அவர் சரியாத்தான் சொன்னார்."

அவள் போல்ட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ரோட்ல போற எவனோ ஒருத்தனா இருந்திருந்தா, ஓடி வந்த சூட்டோட வந்திருப்பான். அந்தச் சூட்டுலயே பாத்திருப்பேன். எஞ்சின் அணைஞ்சிருக்காது. கண்டுபிடிச்சிருப்பேன். நம்ம ஆளாச்சேனு வாங்கி உள்ள நிறுத்தினேன். மொத மரியாத குடுத்தேன்."

"நீங்க நல்லதுதானே நெனச்சீங்க."

"நல்லது நெனச்சா எண்ணெய் கசியாம இருக்குமா?"

வெயில் தகரத்தில் அடித்துத் திரும்பிக் கண்ணைக் கூச வைத்தது. அவள் மெல்லக் கேட்டாள். "இப்ப இருக்காரா?"

அவர் நசுங்கிய பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "தெரியல. முன்னாடி பேசாம இருந்தார். இப்பவும் பேசல."

அவள்தான் பிறகு தன்னைத் திரட்டிக்கொண்டாள். பிளேட்டை அவர் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள். "இத இப்படியே குழி தோண்டிப் பொதச்சுடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். அவளுக்குப் புருஷன் போயாச்சு. இத சொன்னா அண்ணனும் இல்லனு ஆயிடும். அவ எங்கங்க போவா?"

"அவ அவர் சட்டைங்கள பொத்தானெல்லாம் வெட்டிட்டுக் கொண்டாந்து குடுத்தா. நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

"நான் சொன்ன ஒரு கிண்டல வெச்சு அவ அந்த மனுஷன தெனம் திட்டிக்கிட்டு இருக்கா. அவரால வந்து பதில் சொல்ல முடியாது. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு குழிக்குள்ள நின்னு, சாப்பிட்டியானு கேக்கறேன்." பிளேட்டை அவர் விடவில்லை. "என்னைத் திட்டட்டும். நான் உயிரோட இருக்கேன், தாங்கிக்குவேன்."

"மொதல்ல என்ன சொல்லுவீங்க?"

அவர் யோசித்தார். "அவர் கால் நல்லாத்தான் இருந்துச்சுனு சொல்லுவேன். அப்புறம் இதக் காட்டுவேன். அதுக்கப்புறம் அவ என்ன சொல்றாளோ அதான்."

குழாயடியில் கையைக் கழுவினார். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார், வெள்ளைச் சட்டை. பிளேட்டைச் சுற்ற ஏதாவது துணி கொடு என்றார். அவள் மெஷினுக்கு அடியில் பையைப் பார்த்தாள், கை அங்கே போகவில்லை. சீட் உறைக்கு வெட்டி மிஞ்சிய துணியில் ஒரு துண்டை எடுத்துச் சுற்றி, ஓரத்தை ஊசியால் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்தாள்.

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். அவளுக்கு அப்புறம் யாராவது ஒருத்தர் வேணும். நீ இங்க இரு."

ஷட்டரைப் பாதிக்குத் தூக்கிக் குனிந்து வெளியே போனார். வாசலில் நாலு வண்டி நின்றிருந்தன, எல்லாவற்றின் சாவியும் அவரிடமே இருந்தது. எதையும் எடுக்கவில்லை. மேட்டுத் தெருவில் நடந்தே ஏறினார். டயர் கடைக்காரர் கடை வாசலில் விசிறிக்கொண்டு படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, "என்னப்பா, வெள்ளையும் சொள்ளையுமா எங்க கிளம்பிட்ட?" என்றார். அவர் நடையை எட்டிப் போட்டார்.

தையலக்கா ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பொட்டலத்தை அவர் குழந்தையைப் போல இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். சூட்டுக்கு எண்ணெய் இளகித் துணியைத் தாண்டி, வெள்ளைச் சட்டையின் விலாவில் கருப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. கூப்பிட்டு வேறு சட்டை கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தாள். பிறகு கூப்பிடவில்லை.

அவர் மேடேறிப் போய்க்கொண்டிருந்தார்.